அளவான நுகர்வா, முற்றும் விலக்கலா? செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்துத் தமிழ்க் கிறித்தவத்தின் மது பற்றிய நிலைப்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

மதுவை அளவோடு அருந்துதல் கிறித்தவ அறத்திற்கு உடன்பட்டதா என்பது திருச்சபை வரலாற்றில் நெடுங்காலமாக நிலவும் வினா. மேலை நாடுகளில் இவ்வினா பெரிதும் மறைநூல் விளக்கம் சார்ந்த விவாதமாக நடைபெற்றது. தமிழகத்தில் அது வேறு வடிவம் கொண்டது. திராட்சை இங்குப் பரவலாக விளையும் பயிராக இருந்ததில்லை. பனையும் தென்னையும் இருந்தன. குடித்தல் என்பது சாதி, கூலி, அரசின் ஆயத்தீர்வை வருவாய் ஆகியவற்றோடு பின்னிக் கிடந்தது. விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பு, மறைப்பணியாளர் நடவடிக்கைகள், செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலவுரிமை விவாதம், மதுவிலக்குச் சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டு, தமிழ்க் கிறித்தவத்தில் ‘அளவு’ என்னும் அறம் எந்தப் பானத்துக்கும் எந்த மக்களுக்கும் உரியதாகக் கருதப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

மதுவிலக்கு, திராட்சரசம், கள், பதநீர், ஆயத்தீர்வை, செங்கல்பட்டு, ஜே. சி. குமரப்பா, திருவிருந்து.

முன்னுரை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் இருப்புப்பாதையில் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் ஆகிய நிலையங்களைக் கடந்து செல்வோர், இன்று உயர்ந்து நிற்கும் கட்டடங்களுக்கு இடையே ஏரிக்கரைகளில் எஞ்சியிருக்கும் பனைகளைக் காணலாம். ஏரிப்பாசன வேளாண்மையும் பனையும் இவ்வட்டாரத்தின் பழைய அடையாளங்கள். கிறித்தவத்தின் பல மரபுகளும் இங்கு அருகருகே வேரூன்றியுள்ளன. கடற்கரையில் கோவளம் போன்ற மீனவர் ஊர்களில் கத்தோலிக்க மரபும், உள்நாட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் பணியால் உருவான சபைகளும், அவற்றை அடுத்து வெஸ்லியன் மெதடிஸ்டுச் சபைகளும் வளர்ந்தன. பிற்காலத்தில் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர், பெந்தெகொஸ்தே மிஷன் சபையின் தலைமையிடமாயிற்று.

மது பற்றி இம்மரபுகள் ஒரே கருத்துக் கொண்டவையல்ல. கத்தோலிக்க அறவியல் குடிவெறியைப் பாவம் என்கிறது. மதுவைப் பாவம் என்று கூறுவதில்லை. மெதடிஸ்டு மரபு 19ஆம் நூற்றாண்டில் முற்றும் விலக்கலை நோக்கி நகர்ந்தது. பெந்தெகொஸ்தே சபைகள் விலக்கலைத் தூய வாழ்வின் அடையாளமாகக் கொள்கின்றன. எனினும் தமிழகத்தில் இவை அனைத்தும் நடைமுறையில் ஒரு புள்ளியில் கூடின. உள்ளூர்க் குடிக்கு, குறிப்பாகக் கள்ளுக்கும் சாராயத்துக்கும், அளவு என்பதே இல்லை. அவை முற்றும் விலக்கத்தக்கவை என்பதே அப்புள்ளி. இந்த ஒருமைப்பாடு எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழ் அறமரபும் தொடக்ககாலக் கிறித்தவச் சந்திப்பும்

சங்க இலக்கியத்தில் கள் விருந்தின் பகுதி. மன்னரும் பாணரும் அதனைப் பகிர்ந்துண்டனர். அறநூற் காலத்தில் நிலை மாறுகிறது. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் ‘கள்ளுண்ணாமை’. வரைவின் மகளிர், சூது ஆகிய அதிகாரங்களுக்கு நடுவில் பொருட்பாலில் அது வைக்கப்பட்டுள்ளது. ‘அளவறிந்து உண்ணல்’ என்னும் அறத்தை உணவுக்கு ‘மருந்து’ அதிகாரத்தில் வலியுறுத்தும் வள்ளுவர், கள்ளுக்கு அதனை விரிக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. சமண, பௌத்த ஒழுக்க நெறிகளும் முற்றும் விலக்கலையே கூறின. ஆகவே கிறித்தவம் தமிழகம் வந்தபோது, மதுவில் அளவு காத்தல் ஓர் அறம் என்னும் கருத்துக்கு இணையான நிலைபெற்ற அறக்கோட்பாடு தமிழ் நீதி மரபில் இல்லை.

வந்தவர்களோ திருப்பலியில் திராட்சை மதுவைப் பயன்படுத்தியவர்கள். உணவோடு அதனை அருந்திய நாடுகளைச் சேர்ந்தவர்கள். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிசு சவேரியார், 1544ஆம் ஆண்டு தம் உடன்பணியாளர் பிரான்சிசு மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் அருந்தும் பெண்களுக்கு ஒரு பணம் தண்டமும் மூன்று நாள் காவலும் விதிக்கும்படி பணித்தார். திருப்பலியில் மதுவை அருந்தும் அதே குரு, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களின் பானத்தில் அளவைப் பற்றிப் பேசவில்லை. தடையைப் பற்றியே பேசினார். பானத்துக்கும் பருகுவோருக்கும் ஏற்ப அறத்தின் அளவுகோல் மாறுவதை இங்கேயே காண்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தரங்கம்பாடியின் லூத்தரன் மறைப்பணியாளர்கள் 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் வினாக்கள் விடுத்துப் பெற்ற மடல்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. கிறித்தவர்கள் பசுவின் இறைச்சியை உண்கின்றனர், மது அருந்துகின்றனர், தூய்மை பேணுவதில்லை என்னும் குறைகள் அவற்றில் இடம்பெற்றன. தமிழரின் கண்ணில் குடி என்பது ஐரோப்பியரின், அதன் வழியே கிறித்தவத்தின், அடையாளமாக இருந்தது. பின்னாளில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நிறுவப்பட்ட படைமுகாம்கள் இக்கருத்தை வலுப்படுத்தின. ஐரோப்பியப் படைவீரருக்குச் சாராயம் நாட்படியின் ஒரு பகுதியாகவே வழங்கப்பட்ட காலம் அது. தமிழ்க் கிறித்தவர் மதுவை விலக்கியதற்கு இப்பழியிலிருந்து விலகி நிற்கும் தேவையும் ஒரு காரணம். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் ‘நீதிநூல்’ (1859) வழியே மதுவைக் கண்டித்தபோது, கிறித்தவ அறிவுரையையும் தமிழ் நீதிநூல் மரபையும் ஒருங்கே தொடர்ந்தார்.

மொழிபெயர்ப்பில் பிரிந்த இரு பானங்கள்

மது பற்றிய விவிலியப் பகுதிகள் தம்முள் முரண்படுவனபோல் தோன்றுவன. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் மதுவாக மாறியதை யோவான் நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. தீமோத்தேயுவின் வயிற்றுநோய்க்குச் சிறிது மது பரிந்துரைக்கப்படுகிறது (1 தீமோத்தேயு 5:23). மறுபுறம் மதுவால் வெறிகொள்ளலை எபேசியர் 5:18 தடுக்கிறது. பிறனுக்கு இடறலாகுமெனில் மதுவை அருந்தாமலிருப்பதே நன்று என்று உரோமையர் 14:21 அறிவுறுத்துகிறது. கிரேக்க மூலத்தில் இந்நான்கு இடங்களிலும் வருவது ‘ஓய்னோஸ்’ என்னும் ஒரே சொல்லே. ஆகவே கிரேக்கமோ ஆங்கிலமோ படிக்கும் வாசகர், ஒரே பானம் ஓரிடத்தில் ஏற்கப்பட்டு மற்றோரிடத்தில் எச்சரிக்கப்படுவதை உணர்ந்து, வேறுபாடு அளவில்தான் உள்ளது என்று முடிவு செய்ய இயலும். மேலை நாடுகளில் அளவான நுகர்வை ஆதரித்தோரின் முதன்மை வாதம் இதுவே.

தமிழ் வாசகருக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் முழு விவிலியமாக வெளிவந்து, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள மொழிபெயர்ப்பில், கானாவூரிலும் தீமோத்தேயுவிடத்திலும் அச்சொல் ‘திராட்சரசம்’ எனப்படுகிறது. எபேசியரிலும் உரோமையரிலும் அதுவே ‘மதுபானம்’ ஆகிறது. பழைய ஏற்பாட்டில் எபிரேயத்தின் ‘யாயின்’ பொதுவாகத் ‘திராட்சரசம்’ என்றும், ‘ஷேகார்’ என்னும் கடும்பானம் ‘மதுபானம்’ என்றும் வேறுபடுத்தப்படுகின்றன. அங்கு வேறுபாட்டுக்கு மூலத்திலேயே அடிப்படை உண்டு. புதிய ஏற்பாட்டிலோ ஒரே சொல் இரண்டாகப் பிரிகிறது. பொதுவாக, ஏற்புடைய இடங்களில் திராட்சரசமும் கண்டிக்கப்படும் இடங்களில் மதுபானமும் அமைகின்றன.

‘ரசம்’ என்னும் சொல் சாறு என்றே தமிழர் செவிக்குப் படும். புளித்ததா, புளிக்காததா என்பதை அது கூறாது. ‘கள்’, ‘சாராயம்’, ‘மது’ ஆகியவை வெறியூட்டும் தன்மையை வெளிப்படையாகச் சுட்டுபவை. கானாவூர்ப் பந்திக்காரன் கூற்றில் விருந்தினர் குடித்து மயங்கிய நிலையைக் குறிக்கும் கிரேக்க வினை, இம்மொழிபெயர்ப்பில் ‘திருப்தி’ அடைதலாகப் பெயர்ந்துள்ளது. உதவிக்காரருக்குரிய தகுதிகளைக் கூறும் 1 தீமோத்தேயு 3:8இல், மூலம் ‘மிகுதியான’ மதுவில் நாட்டம் கொள்ளலாகாது என்கிறது; தமிழில் ‘மதுபானப்பிரியர்’ ஆகாமை மட்டுமே கூறப்பட, மிகுதியைச் சுட்டும் அடைமொழி இடம்பெறவில்லை. அளவைச் சுட்டும் சொல் மறையும்போது அறிவுரை விலக்கலை நோக்கிச் சாய்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் திட்டமிட்டு இவ்வாறு செய்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. திராட்சை மதுவை அன்றாட உணவாகக் கொள்ளாத மக்களுக்கு அதனைக் ‘கள்’ என்றோ ‘சாராயம்’ என்றோ பெயர்ப்பது கிறித்துவையே கள்ளுக்கடையோடு இணைப்பதாகிவிடும். அவ்விடரைத் தவிர்க்கச் ‘சாறு’ என்னும் நடுநிலைச் சொல் உதவிற்று. ஆயினும் விளைவு தெளிவானது. தமிழ்ச் சபை வாசகர் உள்ளத்தில் இயேசு தந்தது ரசம், தடுக்கப்பட்டது மது. இரண்டும் ஒன்றே என்னும் எண்ணம் எழாதபோது அளவைப் பற்றிய வினாவும் எழுவதில்லை. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ எபேசியர் 5:18இல் ‘திராட்சை மது’ என்னும் தொடரை ஆண்டு, பிரிந்த இரு சொற்களையும் மீண்டும் அருகில் கொணர்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பழைய பாகுபாடு வழிபாட்டிலும் அருளுரையிலும் நிலைத்துவிட்டது.

பனையின் இரு நீர்கள்

மேலை நாட்டு மதுவிலக்கு இயக்கம் தொடக்கத்தில் முற்றும் விலக்கலைக் கோரவில்லை. ஸ்காட்லாந்தில் ஜான் டன்லப் 1829இல் தொடங்கிய சங்கம் போன்றவை வடித்தெடுத்த கடும் மதுவையே எதிர்த்தன. பீரும் திராட்சை மதுவும் அளவோடு ஏற்கப்பட்டன. 1832இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி உள்ளிட்ட எழுவர் எல்லாவகை மதுவையும் விலக்க உறுதியெடுத்த பின்னரே முற்றும் விலக்கல் வலுப்பெற்றது. அதன்பின் திருவிருந்துக் கிண்ணமே சிக்கலாயிற்று. அமெரிக்க மெதடிஸ்டரான தாமசு பிராம்வெல் வெல்ச் 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிப்பேறாமல் காக்கும் முறையைக் கையாண்டு, மதுவற்ற திருவிருந்துக்கு வழி செய்தார்.

வெல்ச் கண்ட வழிக்கு இணையான ஒன்றைப் பனைத்தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பனம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் வடியும் நீர், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிறது. அதில் சாராயச்சத்து ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை சேர்வதுண்டு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவினால் புளிப்பு தடைப்படுகிறது. கிடைப்பது இனிய பதநீர். அதனைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே உழைப்பு; இடையில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. ஆயத்தீர்வை நிருவாகமும் சுண்ணாம்பு தடவிய கலயத்தின் நீரைக் கள்ளிலிருந்து வேறுபடுத்தியே நோக்கிற்று.

புளித்ததும் புளிக்காததும் என்னும் வேறுபாட்டைச் சொல்லாலும் தொழிலாலும் தமிழர் நன்கு அறிந்திருந்தனர் என்பதை இது காட்டுகிறது. பனையேறும் மக்களிடையே கிறித்தவம் பரவிய திருநெல்வேலிப் பகுதியில், மரத்தைக் கைவிடாமலே குடியைக் கைவிட இவ்வேறுபாடு இடமளித்தது. பதநீர் இறக்கும் குடும்பம் சபையில் மதிப்போடு இருக்க இயன்றது. ஆனால் இவ்வழியும் அளவான நுகர்வை அன்று, பானத்தை மாற்றுதலையே அறமாக்கிற்று.

ஆயத்தீர்வை, வறுமை, நிலம்: செங்கல்பட்டு விவாதம்

1886ஆம் ஆண்டின் சென்னை ஆயத்தீர்வைச் சட்டம் கள், சாராயம் ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் உரிமங்களின் கீழ்க் கொணர்ந்தது. மர வரி, கடை ஏலம், சாராய உற்பத்தியை ஒருமுகப்படுத்தல் ஆகியவற்றால் குடி அரசு வருவாயின் பெருந்தூணாயிற்று. இதனை எதிர்த்து வில்லியம் ஸ்பிராஸ்டன் கெய்ன் முதலியோர் 1888இல் இலண்டனில் ஆங்கிலோ-இந்திய மதுவிலக்குச் சங்கத்தை நிறுவினர். இந்திய அரசின் ஆயத்தீர்வைக் கொள்கையைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்று 1889இல் பிரித்தானியப் பொதுச்சபையில் நிறைவேறிற்று. ஒரு கிறித்தவ அரசு தன் குடிமக்களின் குடியால் வருவாய் ஈட்டலாமா என்பது அப்போராட்டத்தின் அறவினா. மறைப்பணியாளர்களுக்கு அது தனிமனித ஒழுக்கத்தைக் கடந்த வினாவாக அமைந்தது.

அதே ஆண்டுகளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேறொரு விவாதம் நடைபெற்றது. பறையர் மக்களின் வறுமைக்குக் காரணம் குடியும் ஊதாரித்தனமுமே என்னும் கருத்து நிலவுடைமையாளரிடமும் அதிகாரிகளிடமும் பரவியிருந்தது. மாவட்ட ஆட்சியர் ஜே. எச். ஏ. டிரெமன்ஹியர் 1891இல் அளித்த அறிக்கை கவனத்தை வேறு பக்கம் திருப்பியது. குடியிருக்கும் மனைமீதுகூட உரிமையின்மை, நிலமின்மை, மிராசுதாரரைச் சார்ந்த அடிமைத்தனம், கல்வியின்மை ஆகியவற்றை அது முன்வைத்தது. 1892ஆம் ஆண்டின் அரசாணைக்கும், பின்னர்ப் பஞ்சமி நிலம் என அறியப்பட்ட ஒதுக்கீட்டுக்கும் அது வழிகோலியது. ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி ஆகியோர் இம்மக்களின் நிலவுரிமைக்காகக் குரல் கொடுத்தனர். ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பகுதியில் மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றத்தை அமைத்தார்.

இவ்விரு விவாதங்களையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது. குடியே வறுமைக்குக் காரணம் என்றால் தீர்வு உறுதிமொழியும் ஒழுக்கமும். நிலமின்மையே காரணம் என்றால் தீர்வு பட்டாவும் ஊதியமும். மதுவை விலக்கும்படி சபையாரிடம் வற்புறுத்தும் குருவின் சொல், அவர் அறியாமலே மிராசுதாரரின் வாதத்துக்குத் துணைபோகக்கூடும். நிலம் கேட்கும் மனுவில் கையெழுத்திடும்போது அதே குரு அவ்வாதத்தை மறுக்கிறார். 1890களின் செங்கல்பட்டில் மறைப்பணியாளர்கள் இவ்விரு நிலைகளிலும் ஒருங்கே நின்றனர். ‘அளவோடு குடிக்கலாம்’ என்னும் மூன்றாம் நிலைக்கு அங்கு இடமிருக்கவில்லை. உண்ணும் உணவும் உறையும் மனையும் பிறர் கையில் இருக்கும் ஒருவரிடம் அளவு என்பதைத் தன்விருப்பத் தேர்வாகப் பேசுதல் பொருளற்றது. அளவு காத்தல் என்பது மேசையும் ஓய்வும் மிகுபொருளும் உடையோரின் அறமாகவே இருந்தது. சென்னை ஐரோப்பியர் இல்லங்களில் உணவோடு மது பரிமாறப்பட்டது பெரிய சர்ச்சையாகாததும் அதனால்தான்.

ஆனால் விலக்கல் மேலிருந்து சுமத்தப்பட்டது மட்டுமே என்று கொள்வது வரலாற்றுக்கு முரணாகும். செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கிறித்தவர் அல்லர். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவராகச் சென்னைச் சட்டமன்றத்தில் மதுவுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தின் ஒரு கூறாகக் கள்ளுண்ணாமையை வலியுறுத்தினார். குடிகாரர் என்று தம்மை இழித்துரைத்த சமூகத்துக்கு மறுமொழியாக, தன்மானத்தின் அடையாளமாக விலக்கலை ஒடுக்கப்பட்டோரே தேர்ந்தனர். சபையின் விலக்கல் விதி சேரிகளில் ஏற்கப்பட்டதை விளக்குவதில் மறைப்பணியாளரின் அறிவுரையைவிட இத்தன்மான உணர்வுக்கு மிகுந்த இடமுண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

மதுவிலக்குச் சட்டமும் குமரப்பாவின் பொருளியலும்

இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939இல் வடஆர்க்காட்டுக்கும் அது விரிந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனைவரி கொண்டுவரப்பட்டது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு 1946இல் மீண்டும் தொடங்கி, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் உரியதாயிற்று.

இக்காலக் கிறித்தவச் சிந்தனையில் தனித்து நிற்பவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா (1892–1960). 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக, பனைவெல்லத் தொழிலை வளர்ப்பதில் அவர் ஊக்கம் காட்டினார். அவருடைய தம்பி பாரதன் குமரப்பா மதுவிலக்கை ஆதரித்துத் தனிநூல் எழுதி 1952இல் வெளியிட்டார். குமரப்பாவின் அணுகுமுறை சபை உறுதிமொழிகளிலிருந்து வேறுபட்டது. குடிப்பவரின் மனவலிமை அங்கு முதன்மை பெறவில்லை. மரத்தின் பயன், ஏறுபவரின் பிழைப்பு, சிற்றூரின் பொருளியல் ஆகியவையே முதன்மை பெற்றன. கள்ளுக்கடையை மூடிவிட்டுப் பனையேறியைப் பட்டினியில் விடும் மதுவிலக்கு அறமாகாது என்பதே அவ்வணுகுமுறையின் உட்கிடை. பதநீரும் வெல்லமும் அதற்கு விடையாக அமைந்தன. இயேசுவின் போதனைகளைப் பற்றிச் சிறையில் எழுதியவரான அவரிடம், சமய அறமும் பொருளியல் அறமும் பிரிக்கப்படாமல் இணைந்திருந்தன. செங்கல்பட்டு நிலவுரிமை விவாதத்தின் உணர்வை மது பற்றிய சிந்தனைக்குள் கொணர்ந்தவர் எனக் குமரப்பாவைக் கொள்வது பொருந்தும்.

கிண்ணத்தின் தனிநிலை

மதுவிலக்குச் சட்டங்கள் எங்கு இயற்றப்பட்டாலும் ஒரு வினாவைச் சந்தித்தன: வழிபாட்டு மது சட்டத்துக்கு உட்பட்டதா? அமெரிக்காவின் 1919ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வழிபாட்டு மதுவுக்கு விலக்களித்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது கைவிட முடியாத தேவை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் விதி, திருப்பலிக்குரிய மது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் திருப்பலி மதுவுக்கெனவே 1984இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. அரசின் சட்டமொழியில் ‘திருப்பலி மது’ ஒரு தனி வகையாகவே இடம்பெற்றது.

சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கும் சாறு திருவிருந்துக்குப் பயன்படுகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளை ஒன்றிணைத்தபோது, கிண்ணத்தைப் பற்றிய வெவ்வேறு வழக்கங்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன. இரட்சணிய சேனையோ திருவிருந்தையே வெளிச்சடங்காகக் கொள்ளாமல், உறுப்பினரிடம் முற்றும் விலக்கலைக் கோருகிறது. ஆகக் கிண்ணத்தில் இருப்பது மது, சாறு, அல்லது கிண்ணமே இல்லை என்னும் மூன்று நிலைகள் தமிழகத்தில் அருகருகே நிலவுகின்றன. இம்மூன்று நிலையினரும் சபையாரின் அன்றாட வாழ்வுக்கு விலக்கலையே அறிவுறுத்துவது பொதுவழக்கு. அளவான நுகர்வு ஏற்கப்பட்ட ஒரே இடம் வழிபாடு. அங்கும் அது ‘மது’ என்னும் பெயரைப் பெரும்பாலும் தாங்குவதில்லை.

பொதுவாழ்வில் சட்டம் வேறு திசையில் சென்றது. 1971இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, 1973–74இல் மீண்டும் கொணரப்பட்டு, 1981இல் தளர்த்தப்பட்டது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கையில் வந்தது. விளைவாக இன்று ஆலையில் வடித்த கடும் மது அரசுக் கடையில் கிடைக்கிறது. சாராயச்சத்துக் குறைந்த கள் சட்டத்துக்குப் புறம்பானது. 1829இல் டன்லப் தொடங்கிய இயக்கம் எதை முதலில் எதிர்த்ததோ அது ஏற்கப்பட்டு, எதை ஏற்றதோ அவ்வகை விலக்கப்பட்டுள்ளது. பானங்களைத் தரம் பிரிக்கும்போது அவற்றின் வலிமையைவிட அவற்றுக்குரிய மக்களின் தகுதிநிலையும் அரசின் வருவாயும் முன்நிற்பதைத் திருச்சபை வரலாற்றில் கண்டோம். அரசின் கொள்கையிலும் அதுவே தொடர்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன பின்வருமாறு.

முதலாவதாக, தமிழ்க் கிறித்தவத்தில் முற்றும் விலக்கல் மேலோங்கியதற்கு மறைநூல் மட்டுமே காரணமன்று. தமிழ் நீதிமரபில் கள்ளுண்ணாமை முன்னரே நிலைபெற்றிருந்ததும், ஐரோப்பியரின் குடியால் கிறித்தவத்தின்மேல் படிந்த பழியும் அதற்கு அடித்தளமாயின.

இரண்டாவதாக, கிரேக்கத்தின் ஒரு சொல் தமிழில் ‘திராட்சரசம்’, ‘மதுபானம்’ என இரண்டாகப் பிரிந்ததால், அளவைப் பற்றிய விவாதம் தமிழ்ச் சபைகளில் எழுவதற்குரிய மொழிக்களமே குறுகியது. விவிலியம் அளவான நுகர்வை ஏற்கிறது என்போரும் மறுப்போரும் இன்று வாதிடும்போது, தாம் படிப்பது மொழிபெயர்ப்பாளரின் ஒரு முடிவையும் சேர்த்தே என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று.

மூன்றாவதாக, அளவு என்னும் அறம் எல்லோருக்கும் ஒரே நிலையில் வழங்கப்படவில்லை. திராட்சை மது அருந்தியோரிடம் அளவு எதிர்பார்க்கப்பட்டது. கள் அருந்தியோரிடம் விலக்கல் கோரப்பட்டது. இவ்வேற்றுமையின் அடியில் சாதியும் வர்க்கமும் இருந்தன. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்கள் விலக்கலைத் தம் தன்மானத்தின் கருவியாக்கிக்கொண்டனர். ஆகவே அளவான நுகர்வை உரிமையாகவும் விலக்கலை ஒடுக்குமுறையாகவும் எளிமைப்படுத்துதல் பொருந்தாது.

செங்கல்பட்டு வட்டாரம் இவ்வரலாற்றுக்கு அளிக்கும் தனிப்பாடம் ஒன்றுண்டு. குடியைப் பற்றிய அறிவுரையும் நிலத்தைப் பற்றிய கோரிக்கையும் இங்கு ஒரே காலத்தில், ஒரே மனிதர்களின் வாயிலிருந்து எழுந்தன. அவ்விரண்டும் இணைந்திருந்த வரை விலக்கல் விடுதலையின் மொழியாக இருந்தது. நிலக்கோரிக்கை பின்னடைந்து அறிவுரை மட்டும் எஞ்சிய இடங்களில் அது ஏழையைக் குற்றம் கூறும் மொழியாகச் சுருங்கியது. எவ்வளவு குடிக்கலாம் என்று வினவும் முன், குடிப்பவரின் மனையும் கூலியும் யார் கையில் உள்ளன என்று வினவுவதே 1890களின் செங்கல்பட்டு நமக்குக் காட்டும் நெறி. மது பற்றிய திருச்சபைகளின் இன்றைய நிலைப்பாடுகளை மதிப்பிடுவதற்கும் அதுவே தக்க அளவுகோலாகும்.